மரம் வைத்தவரே தண்ணீரும் ஊற்றும் நகரம்

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பது எம்மவரின் பழமொழி. கைப்பொருளும் ஆதரவும் அற்று நிற்கும் வேளையில் ஒருவரையொருவர் தேற்றுவதற்கு நாம் அதனைச் சொல்லிக்கொள்வதுண்டு. படைத்தவன் காப்பான் என்பதே அதன் உட்பொருள். ஆனால் அந்தப் பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்ட நகரங்களும் உலகில் உள. மரத்தை வைத்தவர் எவரோ அவரே தண்ணீரும் ஊற்றுதல் வேண்டும் என்று விதித்து, அக்கடமையை ஏட்டில் எழுதி, அதற்கெனப் பணமும் ஒதுக்கும் நகரங்கள் அவை. எம்மவர் பலர் புலம்பெயர்ந்து முதன்முதல் காலடி வைத்த பேர்லின் மாநகரம் அவற்றுள் ஒன்று.

பேர்லினின் வீதிகளில் மட்டும் இன்று ஏறத்தாழ 4 இலட்சத்து 30 ஆயிரம் மரங்கள் நிற்கின்றன. சராசரியாகக் கணக்கிட்டால் ஒரு கிலோமீற்றர் வீதிக்கு 80 மரங்கள். பூங்காக்களிலும் காடுகளிலும் தனியார் காணிகளிலும் நிற்பவை இக்கணக்கிற் சேரா. வீதி மரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை லிண்டன் மரங்கள். இலையின் வடிவால் நமது பூவரசை நினைவூட்டும் மரம் அது. அடுத்த நிலையில் மேப்பிள் மரமும், அதன்பின் ஓக், பிளாத்தான், கஸ்தானியா ஆகியனவும் வருகின்றன. கோடையில் இந்நகருக்கு வரும் ஒருவர், இவ்வளவு பசுமையும் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு வந்த முதுசொம் என்றே எண்ணுவார். அந்த எண்ணம் பெரிதும் தவறானது. இப்பசுமையின் பெரும்பகுதி இழந்து மீட்கப்பட்டது. எவ்வாறு மீட்கப்பட்டது, எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை அறிவதில், இந்நாட்டில் வாழ்பவர் என்ற வகையிலும் அழிந்த ஒரு மண்ணுக்கு உரியவர் என்ற வகையிலும் நமக்கு இரட்டைப் பயன் உண்டு.

விறகாகிப் போன பூங்கா

நகரின் நடுவே ஏறத்தாழ 210 ஹெக்டேயர் பரப்பில் விரிந்து கிடப்பது தீயர்கார்ட்டன் பூங்கா. முற்காலத்தில் ஆட்சியாளர் வேட்டையாடிய காடு அது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அங்கு இரண்டு இலட்சம் அளவிலான மரங்கள் இருந்தன. குண்டுவீச்சும் 1945 ஆம் ஆண்டின் இறுதிச் சண்டையும் அவற்றுட் பலவற்றை அழித்தன. எஞ்சியவற்றைக் குளிர் அழித்தது. நிலக்கரி கிடையாத அக்குளிர்காலங்களில் மக்கள் வாளும் கோடரியும் கொண்டு சென்று விறகுக்காக மரங்களைத் தறித்தனர். ஆட்சியிலிருந்த பிரித்தானியப் படையதிகாரிகளும் அதற்கு இசைவளித்தனர். இறுதியில் மிஞ்சியவை 700 மரங்கள் அளவே. வெறுந்தரையாகிய பூங்கா சிறு சிறு பாத்திகளாகப் பங்கிடப்பட்டது. அரசர் வேட்டையாடிய இடத்தில் பசித்த மக்கள் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிட்டனர்.

அம்மக்களை நாம் குறைகூற இயலாது. குழந்தை குளிரில் விறைக்கையில் மரத்தின் அருமையை எண்ணிப் பார்ப்பவர் எவருமிலர். போர் மரத்தை இருமுறை கொல்கிறது. முதலில் குண்டினாலும் பின்னர் வறுமையினாலும் அது மடிகிறது. வடக்கில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்ட பனைகளைக் கண்ட நமக்கு இது புதிய செய்தியன்று.

நாம் கவனிக்க வேண்டியது அதன் பின்னர் நிகழ்ந்ததையே. 1949 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் நாள் மேற்குப் பேர்லினின் மேயர் ஏர்ண்ஸ்ற் றொய்ற்றர் தீயர்கார்ட்டனில் ஒரு லிண்டன் கன்றை நட்டு மீள்நடுகையைத் தொடக்கி வைத்தார். அந்நாளை உற்றுநோக்குதல் வேண்டும். நகருக்கான தரைவழிகளைச் சோவியத் படையினர் 1948 யூன் தொடக்கம் அடைத்து வைத்திருந்தனர். அம்முற்றுகை 1949 மே மாதத்திலேயே நீங்கிற்று. மாவும் நிலக்கரியும் விமானத்தில் வந்திறங்கிக்கொண்டிருந்த நாட்களில் அந்நகரம் மரம் நடத் தொடங்கியது. ஜேர்மனியின் பல நகரங்கள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் இளமரங்களை அன்பளிப்பாக வழங்கின. முற்றுகைக் காலத்தில் அவற்றுட் சில விமானத்திலேயே கொண்டுவரப்பட்டன. தோட்டக்கலை அறிஞர் வில்லி அல்வேர்டெஸ் என்பார் பூங்காவின் மீளமைப்பைப் பொறுப்பேற்று நடத்தினார். அப்பணி பத்தாண்டு காலம் நீடித்தது.

இதில் எம்மவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1980களின் முற்பாதியில் கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிறீட்றிக் வீதி நிலையத்தினூடாக மேற்குப் பேர்லினுக்குள் நுழைந்து தஞ்சம் கோரிய தமிழர் பலர். அங்கிருந்து மேம்பாலப் பாதையில் மேற்கு நோக்கிச் சென்ற நகரப் புகையிரதம் தீயர்கார்ட்டனின் ஓரத்தைத் தொட்டே சென்றது. யன்னலூடே தெரிந்த அடர்ந்த மரங்களைக் கண்டவர், போரே அறியாத ஒரு பழங்காடு அது என்று எண்ணியிருக்கக்கூடும். அம்மரங்கள் பெரும்பாலும் முப்பத்தைந்து வயதைத் தாண்டாதவை. அவற்றை நோக்கியவருட் சிலர் அவற்றிலும் மூத்தவராய் இருந்திருப்பர்.

அரசும் மரத்துக்குப் பகை

போர் ஒன்றுதான் மரத்துக்குப் பகை என்று கொள்ளுதல் ஆகாது. நகரின் புகழ்பெற்ற பெருவீதியின் பெயரே "லிண்டன் மரங்களின் கீழ்" எனப் பொருள்படும். 1647 இல் பிராண்டன்பேர்க் ஆட்சியாளர் பிறீட்றிக் வில்ஹெல்ம் அங்கு மரவரிசைகளை நடுவித்தார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின்னர், 1930களின் நடுப்பகுதியில், நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை அமைப்பதற்காகவும் நாஸி ஆட்சியின் ஊர்வலங்களுக்கு ஏற்ப வீதியை மாற்றுவதற்காகவும் அவ்வீதியின் லிண்டன் மரங்கள் வெட்டப்பட்டன. மரங்கள் நின்ற வீதியில் கொடித்தூண்கள் நின்றன. மக்களின் முணுமுணுப்புக்கு அஞ்சி மீண்டும் கன்றுகளை நட வேண்டியதாயிற்று. அவையும் போரில் அழிந்தன. இன்று அங்கு நாம் காணும் வரிசைகளின் வரலாறு 1950களின் மீள்நடுகையுடன் தொடங்குகிறது.

மரத்தை அரசும் வெட்டும், வணிகரும் வெட்டுவர், காணிக்காரரும் வெட்டுவர். ஆகவே இவர் எல்லோரையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் விதி ஒன்று வேண்டும் என்பதே இந்நகரம் தன் இழப்புகளிலிருந்து பெற்ற முதற் பாடம்.

எண்பது சென்ரிமீற்றர்

அவ்விதி 1982 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மேற்குப் பேர்லினில் இயற்றப்பட்ட மரப் பாதுகாப்பு ஆணையாகும். காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு, ஒன்றிணைந்த நகர் முழுவதிலும் அது இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் அடிப்படை எளியது. நிலத்திலிருந்து 1.30 மீற்றர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளவுநாடாவைப் பிடிக்க வேண்டும். சுற்றளவு 80 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருப்பின் அம்மரம் பாதுகாக்கப்பட்ட மரம். பல அடிகளாகக் கிளைத்த மரமாயின், ஏதேனும் ஓர் அடி 50 சென்ரிமீற்றர் இருந்தாலே போதும். ஆண்டுதோறும் இலையுதிர்க்கும் அகன்ற இலை மரங்கள் யாவும் இதில் அடங்கும். ஊசியிலை மரங்களுள் நாட்டுப் பைன் மரமும், பழம் தருவனவற்றுள் வால்நட் மரமும் துருக்கிக் ஹேசல் மரமும் அடங்கும். ஏனைய பழமரங்கள் அடங்கா.

மரம் எவருடைய காணியில் நிற்கிறது என்பதை இந்த ஆணை பொருட்படுத்துவதில்லை. வீட்டுக்காரர் தம் வளவில் தம் கையால் நட்டதாயினும், அடிமரம் எண்பது சென்ரிமீற்றரை எட்டிய நாள்முதல் அதனை வெட்டும் உரிமை அவருக்கில்லை. வெட்ட வேண்டுமாயின் மாவட்ட நகரசபையின் சூழல், இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். மரம் நோயுற்றது, விழும் நிலையில் உள்ளது, அனுமதிபெற்ற கட்டடத்துக்கு இடம் வேண்டும் என்பன போன்ற காரணங்கள் ஆராயப்படும். இலை குப்பையாக விழுகிறது, பறவை எச்சமிடுகிறது, அறைக்குள் இருள் சேர்கிறது என்பன பொதுவாக ஏற்கப்படுவதில்லை. உடனடி ஆபத்தாயின் வெட்டலாம். ஆனால் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும்.

ஆணையின் இன்னொரு கூறு எம்மவர் பெரிதும் அறியாதது. பாதுகாப்பு அடிமரத்தோடும் கிளையோடும் நின்றுவிடுவதில்லை. கிளைகள் விரிந்த பரப்புக்கு நேர் கீழேயுள்ள நிலமும், அதற்கு அப்பால் ஒன்றரை மீற்றரும் வேரின் எல்லையாகக் கருதப்படும். அவ்வெல்லைக்குள் சீமெந்து பூசி அடைத்தல், ஆழத் தோண்டுதல், மண்ணைக் குவித்தல், வேருக்கு நஞ்சாகும் பொருள்களை ஊற்றுதல் யாவும் மரத்தைத் துன்புறுத்துதலாகவே கொள்ளப்படும். குளிர்காலத்தில் வீட்டு வாயில் நடைபாதையில் பனிக்கட்டி கரைவதற்காக உப்புத் தூவுவதும் பேர்லினில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்டுள்ளது. உருகிய உப்புநீர் வேருக்கு இறங்கி மரத்தை மெல்ல மெல்லக் கொல்லும் என்பதே காரணம். மணலோ சிறுகல்லோ தூவலாம்.

அனுமதி பெற்று வெட்டினாலும் கணக்கு அத்துடன் தீர்வதில்லை. வெட்டிய மரத்தின் பருமனையும் உடல்நிலையையும் கொண்டு, ஈடாக எத்தனை மரங்கள் நட வேண்டும் என்று அலுவலகம் விதிக்கும். நட இடமில்லாதவர் அதற்குரிய பணத்தைச் செலுத்த வேண்டும். அனுமதியின்றி வெட்டியவருக்கு 50,000 யூரோ வரை தண்டம் விதிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. எம்மவர் பலர் இன்று சொந்த வீடு வாங்கியுள்ளனர். வாகனத்தரிப்பிடத்துக்காகவோ சூரிய ஒளிக்காகவோ மரத்தில் கைவைக்குமுன் அளவுநாடாவைக் கையிலெடுப்பது நன்று. ஜேர்மனியின் ஏனைய நகரங்களில் அளவுகளும் விலக்குகளும் வேறுபடும். இவ்வகை விதி இல்லாத நகரங்களும் உள. ஆகவே அவரவர் நகரசபையிடம் கேட்டறிதல் வேண்டும்.

மரத்துக்கும் ஒரு சட்டமா என வியப்பவர், எமது நாட்டிலேயே 1951 ஆம் ஆண்டு முதல் மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று உண்டு என்பதையும், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அதன்படி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்வாராக. ஆக, சட்டம் எங்கும் உண்டு. அதன் பின்னால் ஒரு கணக்குப் புத்தகமும் ஒரு நீர்வண்டியும் உண்டா என்பதே வினா.

இலக்கத் தகடும் மரப் பள்ளிக்கூடமும்

பேர்லினின் வீதி மரங்கள் பன்னிரண்டு மாவட்டங்களின் வீதி, பசும்பரப்பு அலுவலகங்களின் பொறுப்பில் உள்ளன. அடிமரத்தை உற்றுநோக்கினால் சிறிய இலக்கத் தகடு ஒன்று தெரியும். எந்த வீதி, எத்தனையாம் மரம், எவ்வினம், எப்போது நடப்பட்டது, எவ்வளவு பருமன் என்பன இடாப்பில் உள்ளன. மரங்கள் ஒழுங்காகப் பரிசோதிக்கப்படுகின்றன. உலர்ந்த கிளை விழுந்து ஒருவர் காயமுற்றால் நகரமே பதில்சொல்ல வேண்டும் என்பதால், இப்பரிசோதனை விருப்பத்தைப் பொறுத்ததன்று, கடமை. வெட்டப்படவுள்ள மரங்களின் பட்டியலை மாவட்டங்கள் வெளியிடுகின்றன. எம்மரம், எக்காரணத்தால் என்று அயலவர் அறியலாம், கேள்வியும் கேட்கலாம்.

இனி, மாற்று மரம் எங்கிருந்து வருகிறது? ஜேர்மன் மொழியில் மரக்கன்றுப் பண்ணைக்கு "பௌம்ஷூலே" என்று பெயர். "மரப் பள்ளிக்கூடம்" என்பது அதன் நேர்ப்பொருள். பெயர் பொருத்தமானதே. அங்கு ஒரு கன்று நட்ட இடத்திலேயே விடப்படுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளப்பி வேறிடத்தில் நடுவர். வகுப்பேறுவது போல மூன்று நான்கு முறை இவ்வாறு இடம் மாறும். ஒரே இடத்தில் வளர்ந்த மரத்தின் வேர் தூரத் தூர ஓடும். அதனைப் பெயர்த்தால் வேரின் பெரும்பகுதி நிலத்திலேயே அறுந்து தங்கிவிடும், மரமும் பிழைப்பது அரிது. பலமுறை பெயர்க்கப்பட்டதோ தன்னருகிலேயே நெருங்கிய வேர்த்திரளை வளர்த்துக்கொள்ளும். இறுதிப் பெயர்வை அதுவே தாங்கும். எனினும் அதற்குக் காலம் வேண்டும். வீதிக்கு வரும் கன்று பத்தாண்டளவு பள்ளியில் இருந்ததாகும்.

நடுகை இலையற்ற காலத்தில், இலையுதிர்காலத்திலோ இளவேனிலின் தொடக்கத்திலோ நிகழும். சாக்கும் கம்பிவலையும் சுற்றிய வேர்த்திரளுடன் மரம் குழியில் இறக்கப்படும். காற்றில் ஆடி வேர் அறாதபடி மூன்று கம்பங்கள் நட்டுக் கட்டப்படும். அடிமரத்தில் வெள்ளைப் பூச்சு ஒன்றைப் பலர் கண்டிருப்பர். மாசிமாத வெயிலில் ஒரு பக்கம் சூடேறி இரவில் உறைபனியில் விறைக்கும்போது பட்டை வெடிக்கும். வெண்மை வெயிலைத் திருப்பி அவ்வெடிப்பைத் தடுக்கும். கன்றின் அடியைச் சுற்றி மண்ணால் வரம்பு கட்டப்படும். ஊற்றிய நீர் வீதிக்கு ஓடாமல் வேருக்கு இறங்குவதற்கே அது.

ஒரு மரம் வெட்டப்பட்ட இடத்தில் அடுத்த ஆண்டே மரம் வராமை கண்டு சினப்பவர் உளர். நிலத்தின் கீழ் எரிவாயு, நீர், மின்சாரம், தொலைபேசி எனக் குழாய்களும் கம்பிகளும் நெருங்கிக் கிடக்கின்றன. பழைய மரம் அவற்றுக்கு முன்னரே வந்தது. புதியது அவற்றுக்கு இடையே இடம் தேட வேண்டியுள்ளது. போதிய குழி கிடையாத இடத்தில் நட்ட மரம் பூந்தொட்டியில் நட்டதற்கு ஒப்பாகும்.

மூன்று ஆண்டு நீர்

இங்குதான் பழமொழி உண்மையாகிறது. நட்ட மரத்தின் பராமரிப்பு நடுகைச் செலவோடு சேர்த்தே கணக்கிடப்படுகிறது. முதல் மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றுதல், கம்பங்களைச் சரிபார்த்தல், கவாத்துச் செய்தல் யாவும் அதில் அடங்கும். அதன் பின்னரும் வறண்ட கோடைகளில் இளமரத்துக்கு நீர் தேவை. வறட்சியில் ஓர் இளமரத்துக்கு வாரத்துக்கு 80 முதல் 100 லீற்றர் வரை வேண்டும். நாள்தோறும் ஒரு வாளி ஊற்றுவதிலும் வாரம் ஒருமுறை நிறைய ஊற்றுவது மேல். மேற்பரப்பை மட்டும் நனைத்தால் வேர் நீரைத் தேடி மேலே வரும், பின்னர் அங்கேயே வெந்துபோகும். ஆழத்தில் நனைந்தால் வேரும் ஆழம் தேடும்.

இந்நகரம் குறையற்றதென்று நாம் கூறவில்லை. பல ஆண்டுகளாக வெட்டப்பட்ட வீதி மரங்களின் தொகை நடப்பட்டவற்றின் தொகையை விஞ்சியே இருந்தது. பணமும் ஆளும் போதவில்லை. 2012 இல் "பேர்லினுக்கு நகர மரங்கள்" என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. ஒரு மரத்துக்கென மக்கள் 500 யூரோ சேர்த்தளித்தால், மூன்றாண்டுப் பராமரிப்பு உட்பட எஞ்சிய செலவை நகர ஆட்சி ஏற்கும். இதன் பின்னர் 2018 முதல் 2020 வரை தொடர்ந்து வறண்ட கோடைகள் வந்தன. பழைய மரங்களின் உச்சிகளும் காய்ந்தன. 2020 இல், நகரின் மர இடாப்பை வரைபடமாக்கி, எம்மரத்துக்கு எவர் எப்போது நீர் ஊற்றினார் என்று குடியிருப்பாளரே பதியும் இணையத்தளம் ஒன்று உருவாயிற்று. "பேட்டைக்கு நீர் ஊற்று" என்பது அதன் பெயரின் பொருள். வீதியோரங்களில் நிற்கும் ஏறத்தாழ 2,000 கைப்பம்பிகள் அதற்குத் துணையாயின. அவை போர், பேரிடர் ஆகிய காலங்களில் மக்கள் குடிநீர் பெறுவதற்காகப் பேணப்பட்டவை. இன்று சிறுவர் அவற்றை அடித்து மரத்துக்கு நீர் சுமக்கின்றனர்.

குடிமக்கள் இயக்கம் ஒன்று இவ்வளவோடும் அமையாமல் கையெழுத்துத் திரட்டிப் போராடியது. அதன் விளைவாக 2025 நவம்பரில் பேர்லின் நகரப் பாராளுமன்றம் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2040 ஆம் ஆண்டளவில் நகரின் மரங்களைப் பத்து இலட்சமாக உயர்த்துவது அச்சட்டத்தின் இலக்கு. அது எய்தப்படுமா என்பதை வருங்காலமே உரைக்கும். ஆயினும் மரத்தின் பொருட்டு மக்கள் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினர், கதவு திறந்தது என்பது நாம் குறித்துக்கொள்ளத் தக்கது.

வந்தேறிய மரங்கள்

என்ன மரம் நடுவது என்பதும் மாறி வருகிறது. ஒரே இனத்தை வீதி முழுவதும் நட்டால் அழகு உண்டு. ஆனால் ஒரு பூச்சி வந்தால் வீதி முழுவதும் நோயுறும். கஸ்தானியா மரத்தின் இலைகளைக் கோடையிலேயே பழுப்பாக்கும் இலைதுளைப்புழு 1990களில் பரவியபோது இது தெளிவாயிற்று. அப்பூச்சி உதிர்ந்த இலைகளிற் குளிர்காலத்தைக் கழிப்பதால், அவ்விலைகளைக் கூட்டி அகற்றுவதே இன்றும் எளிய மருந்து. வெப்பமும் வறட்சியும் கூடிவரும் காலத்தில், தென்கிழக்கு ஐரோப்பாவின் வெள்ளி லிண்டன், துருக்கிக் ஹேசல் முதலிய வரட்சி தாங்கும் இனங்கள் நாடப்படுகின்றன.

"நாட்டு மரம், அந்நிய மரம்" என்ற வழக்கு இதனால் எழுவதுண்டு. பறவைக்கும் பூச்சிக்கும் நாட்டு மரம் கூடுதலாக உணவளிக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஜேர்மனியரின் பியர்த் தோட்டங்களுக்கு நிழல் தரும் கஸ்தானியாவே பால்கன் மலைகளிலிருந்து வந்தது. வீதிகளிற் பெருத்து நிற்கும் பிளாத்தான், அமெரிக்க மரமும் கீழைத்தேய மரமும் கலந்த கலப்பினம். நிழல் தந்து நிலைத்துவிட்ட மரத்திடம் அதன் பூர்வீகத்தைக் கேட்பவர் இன்று எவருமிலர்.

ஈடு ஈடாகாது

இவ்வளவும் கூறிய பின் ஓர் உண்மையை மறைத்தலாகாது. மாற்று நடுகை ஒருபோதும் முழு ஈடு அன்று. எண்பது வயது லிண்டன் ஒன்றின் நிழலை நான்கு கன்றுகள் சேர்ந்தும் இன்று தரமாட்டா. அக்கன்றுகளுள் எத்தனை எண்பது வயதை எட்டும் என்பதற்கும் உறுதியில்லை. வீதியின் நெருக்கடியில் மரத்தின் ஆயுள் காட்டில் உள்ளதிலும் மிகக் குறைவு. கட்டட நிறுவனம் ஒன்று ஈட்டுப் பணத்தைச் செலுத்திவிட்டுப் பெருமரத்தை வீழ்த்தினால், சட்டம் நிறைவேறுகிறது, ஆனால் அவ்வீதியில் உள்ள முதியவர் நிழலை இழக்கிறார். ஆகவேதான் நிற்கும் மரத்தைக் காத்தல் முதற்கடன், மாற்று நடுதல் இரண்டாங்கடன் என்று அறிந்தோர் கூறுவர்.

எமக்குரிய கணக்கு

எம்மவர் இதிலிருந்து பெற வேண்டியது யாது? முதலாவது, வாழும் வீதியின் மரத்துக்கு நீர் ஊற்றுவதற்கு வதிவிட உரிமைப் பத்திரம் தேவையில்லை. வழக்கு முடியாமல் விடுதியிற் காத்திருப்பவரும் மாலையில் ஒரு வாளி எடுத்துச் செல்லலாம். அதனால் அவர் இந்நாட்டுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டவர் ஆகிவிடமாட்டார். தாயகத்தை மறந்தவரும் ஆகிவிடமாட்டார்.

இரண்டாவது, நாம் அனுப்பும் பணம் பற்றியது. போரின் பின்னர் வடக்கில் மரநடுகை பரவலாயிற்று. வட மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்திருந்தது. ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர் நாடுகளிற் பணம் திரட்டிக் கன்றுகள் வாங்கிக் கொடுக்கின்றன. கார்த்திகை மழைக்காலம், நடுவதற்கு உகந்த மாதம். ஆனால் தை பிறந்தபின் மழை ஓயும். பங்குனியில் நிலம் வெடிக்கும். மழையில் நட்ட கன்று அக்கோடையைத் தாண்டுகிறதா, ஆடுமாடு அதனை விட்டுவைக்கிறதா என்பதே உண்மையான வினா. நடுகையின் படம் நமக்கு வருகிறது. மூன்றாம் ஆண்டின் படத்தை நாம் கேட்பதில்லை.

பேர்லின் கற்றுத்தரும் பாடம் இதுவே. கன்றின் விலை செலவின் மிகச் சிறு பகுதி. குழிக்கும் வேலிக்கும் நீருக்கும் காவலுக்கும் ஆகும் செலவே பெரிது. ஆகவே பணம் அனுப்பும் சங்கங்கள் நான்கு வினாக்களை எழுதி அனுப்புதல் நன்று. முதல் மூன்று கோடைகளில் நீர் ஊற்றும் பொறுப்பு எவருடையது? அவருக்குக் கூலி என்ன? கன்றுகளுக்கு இலக்கமிட்ட இடாப்பு ஒன்று உண்டா? பட்டுப்போனதற்கு மாற்று வைப்பவர் யார்? இவற்றுக்கு விடை கிடைக்குமாயின் ஆயிரம் கன்றுக்கு எண்ணிய பணத்தை இருநூறு கன்றுக்குச் செலவிடுவோம். பனையாயின் பொறுமை இன்னும் வேண்டும். விதையூன்றிப் பதினைந்து ஆண்டளவு கழிந்தே அது காய்க்கும். நட்டவர் அங்கில்லாது போகலாம். இடாப்பு இருக்குமாயின் அடுத்தவர் தொடர்வார்.